முனை வீட்டு வெட்சிச் செடிகள்

டவுன் பஸ் ஓட்டும் அந்தப் பெண்மணியின் வீடு அவள் ஓட்டும் ரூட்டிலேயே இருந்தது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சொந்த வீட்டு வாசலைக் கடந்து போவாள். மாடியில் காயும் துணியை எடுத்தாயிற்றா, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதா, எல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தெரிந்துவிடும். எலக்ட்ரீஷியனான அவள் கணவருக்கு இது பெரிய தலைவலி. "மத்த வீட்ல பொண்டாட்டி வேலைக்குப் போனா புருஷன் கொஞ்சம் நிம்மதியா இருப்பான். எனக்கு மணிக்கொரு தடவை செக்கிங்" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

வீடு தெருமுனையில் இருந்தது. வாசல் ஓரமாக ஓரடி உயரத்துக்குச் செங்கல் கட்டி மண் நிரப்பிய பாத்தி. அதில் கணவர் வைத்த செம்பருத்தி எட்டடிக்கு வளர்ந்து தெருவையே மறைத்துக்கொண்டு நின்றது. அவர் வாழ்நாளில் செய்த ஒரே தோட்டவேலை அது. கம்பை ஊன்றியதோடு சரி, மிச்சத்தைச் செடியே பார்த்துக்கொண்டது. ஆனாலும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நான் வெச்சது" என்பார்.

ஒருநாள் சாயங்காலம் பஸ் அந்த முனையை நெருங்கும்போது செம்பருத்திக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் சடாரென்று வெளியே வந்தது. அவள் பிரேக்கை மிதித்த மிதியில், நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். யாரோ வாங்கிப் போன வெங்காயம், பை கிழிந்து, சீட்டுக்கு அடியில் உருண்டது. சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை. ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றது அவளுடைய பன்னிரண்டு வயது மகள். கோந்து வாங்கக் கடைக்குக் கிளம்பியிருக்கிறாள்.

உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் அந்த டிரிப்பை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் முதல் வேலையாகச் சைக்கிளைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மகள் அழுது பார்த்தாள், சாப்பிட மாட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தாள். கூடப் படிக்கிற பெண்கள் எல்லோரும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போக, இவள் மட்டும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவதென்றால் மானம் போகாதா?

"அப்போ சாவிய எப்பதான் தருவே?"

"அந்த முனை நல்லா தெரியட்டும். அன்னைக்குத் தர்றேன்."

மறுநாள் செம்பருத்திக்கு நாள் குறித்தாயிற்று. கணவர் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவரே ரம்பத்தோடு வந்து அறுத்துத் தள்ளினார்.

செடி போன வாசல் மொட்டையாகக் கிடந்தது. அவளுக்கே பார்க்கச் சகிக்கவில்லை. பூ வேண்டும், ஆனால் மறைக்கக் கூடாது என்ற முடிவோடு நர்சரிக்குப் போனாள். எந்தச் செடியைக் காட்டினாலும் அவள் கேட்டது ஒன்றுதான்: "எவ்வளவு உயரம் போகும்?"

நர்சரிக்காரருக்கு வேடிக்கையாக இருந்தது. "எல்லாரும் கலர் கேப்பாங்க, வாசனை இருக்கான்னு கேப்பாங்க. நீங்க சைஸ் கேக்குறீங்களே, டயரா வாங்க வந்தீங்க?"

கடைசியில் வெட்சி தேறியது. நாலடிக்கு மேல் போகாது, நல்ல வெயில் பட்டால் வருஷம் முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் என்றார். சின்னக் கன்றுகளை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. நாளைக்கு அது எப்படி வளருமோ யார் கண்டது? முழுசாக வளர்ந்து, பூவோடு பையில் நின்ற ஆரஞ்சு வெட்சி ஒன்பதை வாங்கி வந்து வரிசையாக நட்டாள்.

அடுத்த நாள் பஸ்ஸிலிருந்து பார்த்தாள். கேட், படி, படியில் படுத்திருந்த பூனை, எல்லாம் பூக்களுக்கு மேலே பளிச்சென்று தெரிந்தன. எட்டு டிரிப்பிலும் பார்த்தாள், எட்டிலும் திருப்தி. ராத்திரிச் சாப்பாட்டின்போது, "ஞாயித்துக்கிழமை சாவி" என்று அறிவித்தாள். மகள் அவளைக் கட்டிக்கொண்டு ஆடியதில் தட்டு கவிழப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் சைக்கிளைக் கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். ஏறி உட்கார்ந்தாள். தலையைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அசையவே இல்லை.

"என்னடி, கிளம்பு."

"அம்மா, ஒண்ணும் தெரியல."

"என்ன தெரியல? தெரு பூரா தெரியுதே!"

"உனக்குத் தெரியும். நீ பஸ்ல அவ்வளவு மேல உக்காந்து பாக்குறே. இங்க உக்காந்து பாரு."

சொன்னால் கையில் வந்த சாவி மறுபடி கைப்பைக்குள் போய்விடும் என்று அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

டிரைவரம்மா அந்தச் சின்னச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். முழங்கால் ஹாண்டில்பாரில் இடித்தது. குனிந்து மகளின் உயரத்துக்கு வந்து பார்த்தால், இலை, பூ, மறுபடி இலை. பாத்தி ஓரடி, செடி நாலடி. ஐந்தடிச் சுவருக்குப் பின்னால் தன் பெண்ணை நிறுத்தி வைத்துவிட்டு, எல்லாம் தெரிகிறது என்று எட்டுத் தடவை சந்தோஷப்பட்டிருக்கிறாள். இருபது வருஷமாக உலகத்தை டிரைவர் சீட்டிலிருந்தே பார்த்துப் பழகியவளுக்கு, கீழே இருப்பவர்களுக்கும் அப்படித்தான் தெரியும் என்ற நினைப்பு. அந்த வழியாகப் போன பக்கத்து வீட்டு டெய்லர் நின்று பார்த்தார்.

"என்ன டிரைவரம்மா, டெப்போல வண்டிய மாத்திட்டாங்களா?"

அசடு வழிய இறங்கினாள். சாவியை மகளே நீட்டினாள், கண் கலங்கியிருந்தது.

அன்றைக்கே மறுபடி நர்சரி. இந்தத் தடவை அவள் முதலில் கேட்டது ஒரு வாளி. அதைக் கவிழ்த்துப் போட்டு, செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். நர்சரிக்காரர் இப்போது சிரிக்கவில்லை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, உள்ளே போய்க் குட்டை வெட்சிக் கன்றுகளைக் கொண்டுவந்து வைத்தார். நகம் அளவுக்குச் சின்ன இலை, ஒரு சாண் உயரம்.

"இது வெட்டாமலே ரெண்டடியில நின்னுக்கும்மா. அடர்த்தியா குண்டா வரும். ஒண்ணுக்கு ஒண்ணு ஒன்றரை அடி விட்டு வைங்க. பூக்கொத்து வாடினதும் அதுக்குக் கீழ லேசா கிள்ளி விடுங்க, போதும். கத்தரிய எடுத்து அடிக்கடி முடி வெட்டுற மாதிரி வெட்டிடாதீங்க. நுனியிலதான் பூ வரும்."

பெரிய வெட்சிகளைக் கணவர் வேரோடு மண்ணோடு கிளப்பிப் பின்பக்கச் சுவரோரம் வைத்தார். இப்போது அவருக்கும் பெருமைப்பட ஒன்பது செடி. முன்பக்கம் பன்னிரண்டு குட்டைக் கன்றுகள் உட்கார்ந்தன. முனை துடைத்துவிட்டாற்போல் தெரிந்தது. சைக்கிளில் உட்கார்ந்து பார்த்தாலும் தெரிந்தது, பூனை உட்கார்ந்து பார்த்தாலும் தெரிந்திருக்கும்.

ஆனால் சாவி வரவில்லை. "செடி முழுசா வளரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றுவிட்டாள்.

மகள் விடுவாளா? சீக்கிரம் வளரட்டும் என்று காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினாள். பத்தே நாளில் இலையெல்லாம் மஞ்சள். பதறிப்போய் நர்சரிக்காரருக்குப் போன் போட்டாள். "தண்ணி ஊத்துறியா, குளிப்பாட்டுறியா?" என்று கேட்டார் அவர். "விரலை மண்ணுல விட்டுப் பாரு. காஞ்சிருந்தா மட்டும் ஊத்து." அதற்குப் பிறகு தினமும் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் விரலை விட்டுப் பார்ப்பாள். சருகைப் பொறுக்கி வந்து வேரைச் சுற்றிப் பரப்புவாள். செடிகள் தேறின, பச்சை ஏறியது, கிளைகள் நெருங்கின. நாலாம் மாதம் ஓரச் செடியில் குண்டூசித் தலை மாதிரி மொட்டுகள் சேர்ந்து ஒரு கொத்து வந்தது. சிவப்பு. அம்மாவும் பெண்ணும் குத்தவைத்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு சந்தோஷம்.

அன்று பாத்திரம் கழுவும்போது கணவர் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, இன்னும் செடி வளரணுமா, இல்ல உனக்குத் தைரியம் வளரணுமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு தட்டைக் கழுவி அடுக்கினாள். அப்புறம் சொன்னாள், "பயமா இருக்குங்க. ரோட்டுல என்னென்ன நடக்குதுன்னு தினம் நான் பாக்குறேன். கண்ணை மூடினா அந்தச் சைக்கிள்தான் வருது."

"எனக்கும்தான் பயம். ஆனா அன்னைக்கு மறைக்குதுன்னு சொன்னது யாரு? நீ பாக்கல, நானும் பாக்கல. சாவி போனாலும் பரவாயில்லன்னு அவதானே சொன்னா? அவளுக்குப் பாக்கத் தெரியும்."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கைப்பையைத் திறந்தாள். தூங்கிக்கொண்டிருந்த மகளின் புத்தகப் பையின் மேல் சாவியை வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை மூன்றாவது டிரிப். பள்ளிக்கூட நேரம், பஸ்ஸில் நிற்க இடமில்லை. முனைக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தாள், பிறகு நிறுத்தியே விட்டாள். குட்டை வெட்சிகளுக்கு மேலே மகளின் முகம் முழுசாகத் தெரிந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள். நிற்கும் பஸ்ஸைப் பார்த்தாள். ஓட்டுவது அம்மா என்று தெரிந்தும் அவள் முகத்தில் சிரிப்பில்லை, ரோட்டில் கவனமாக இருந்தாள்.

பின்னாலிருந்து ஒரு குரல், "டிரைவரம்மா, என்ன ஆச்சு? ஏன் நிக்குது?"

மகள் கையை நீட்டி, பெரிய மனுஷி மாதிரி, நீங்க போங்க என்று பஸ்ஸுக்குச் சைகை காட்டினாள்.

"ஒண்ணுமில்ல. ஒருத்தங்க வழி விடுறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.