அப்படியே ரெக்கார்டு மாதிரி

என்னை முதன்முதலில் இசை விமர்சகர் என்று கூப்பிட்டது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டீக்கடைக்காரர். கேலியாகத்தான். பகலெல்லாம் ஒரகடத்தில் மெஷின் ரிப்பேர் பார்த்துவிட்டு, சாயங்காலம் கோயில் திருவிழாக் கச்சேரிகளைக் கேட்டு, உள்ளூர் மாதப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? சம்பளம் தந்தது கம்பெனிதான். ஆனாலும் என்ன வேலை பார்த்தாய் என்று யாராவது கேட்டால் பத்திரிகை வேலையைத்தான் சொல்வேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

அந்தக் கிறுக்கு பிடிக்க ஒரு வெள்ளைக்காரர் காரணம். புது மெஷின் பூட்ட இங்கிலாந்திலிருந்து வந்த இன்ஜினியர், கிளம்பும்போது தங்கள் ஊர் இசைப் பத்திரிகை ஒன்றை மேஜையில் விட்டுப்போனார். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். அதில் ஒரு விமர்சகர் ஒரு குழுவைக் கிழிகிழியென்று கிழித்திருந்தார். என்ன குற்றம்? மேடையில் ரெக்கார்டு மாதிரியே வாசித்தார்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் அதுதானே பெரிய பாராட்டு. "அப்படியே ரெக்கார்டு மாதிரி" என்று ஊர் சொல்லிவிட்டால் மெல்லிசைக் குழுவுக்கு அடுத்த வருஷத் திருவிழாவும் உறுதி. நானே அப்படி எழுதித் தள்ளியவன்தான்.

எங்கள் கம்பெனி பஸ்ஸில் பென்னலூர்ப் பெண் ஒருத்தி வருவாள். உற்பத்தி லைனில் வேலை, லீவு நாளில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாட்டு. பஸ்ஸில் அவள் வாயைத் திறந்தால் பின்சீட்டில் குறட்டை விடுகிறவனும் எழுந்து உட்காருவான். பழைய தாலாட்டுப் பாட்டு ஒன்று அடிக்கடி பாடுவாள். ரெக்கார்டில் அதன் கடைசி அடிக்கு முன்னால் வயலின் வரும். பஸ்ஸில் வயலினுக்கு எங்கே போவது? அந்த இடத்தில் சும்மா நிறுத்திவிடுவாள். இன்ஜின் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு கடைசி அடியைப் பேசுகிற மாதிரி மெதுவாக எடுப்பாள். எத்தனை முறை கேட்டாலும், அவள் முடிக்கும்வரை நான் சீட்டைவிட்டு எழமாட்டேன்.

"மேடையிலயும் இப்படியே பாடேம்மா" என்றேன் ஒருநாள்.

"மாஸ்டர் வுடமாட்டாருண்ணா. எங்க பாடுனாலும் யாரோ ஒருத்தர் பாட்டைத்தானே பாடிக்கினு கீறேன். இந்த ஒரு எடம்தான் என்னுது."

மாஸ்டர் என்பது குழுவின் தலைவர், கீபோர்டு வாசிப்பவர். முன்கோபி. அதில் எனக்கும் அவருக்கும் நல்ல போட்டி உண்டு.

அந்த வருஷம் வடக்குப்பட்டு ஆடித் திருவிழாவில் அவள் துணிந்துவிட்டாள். தாலாட்டின் கடைசி அடிக்கு முன்னால் மாஸ்டர் கீபோர்டில் வயலினை ஆரம்பிக்க, திரும்பி அவரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவர் திகைத்துப்போய் விரலை எடுத்தார். கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். மெதுவாகக் கடைசி அடியைப் பாடி முடித்தாள். மேடைக்குப் பின்னால் மாஸ்டர் கத்தித் தீர்த்துக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் வந்தாள்.

"எழுதுங்கண்ணா. நல்லா இல்லேன்னா அப்படியே எழுதுங்க. ரெக்கார்டு மாதிரின்னு மட்டும் எழுதாதீங்க."

"குழுவை வுட்டுத் தூக்கிடுவாரும்மா."

"தெரியும்ண்ணா. எழுதுங்க."

எழுதினேன். 'ரெக்கார்டு மாதிரி இல்லை. அதைவிட நன்றாக இருந்தது.' பத்திரிகை வந்த அன்றே மாஸ்டர் டீக்கடையில் என்னை மடக்கினார்.

"இன்னா சார், ரெக்கார்டு மாதிரி இல்லைன்னு எழுதிக்கீறியே. இனிமே எவன் எங்களைக் கூப்புடுவான்?"

"அடுத்த வரியைப் படிய்யா."

"அடுத்த வரியை எவன் சார் படிக்கிறான்?"

அவருடைய டீக்கும் சேர்த்துக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவள் மறுநாளும் பஸ்ஸில் பாடினாள். கல்யாணமாகி ஓசூர் போகும்வரை பாடினாள், எந்த மேடையும் அவளைக் கூப்பிடவில்லை. அப்புறம் பஸ்ஸில் ஆளாளுக்குக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டார்கள். பத்திரிகையும் நின்றது. நானும் ரிட்டயர் ஆனேன்.

இந்த ஆடிக்கு வடக்குப்பட்டு போயிருந்தேன். அதே மாஸ்டர், தலைக்கு மை. புதிதாக ஒரு சின்னப் பெண் அந்தத் தாலாட்டை எடுத்தாள். கடைசி அடிக்கு முன்னால் வயலினுக்காகக் காத்திருந்தேன். மாஸ்டர் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சத்தமே இல்லை. அப்புறம் அந்தப் பெண், பேசுகிற மாதிரி, மெதுவாகப் பாடினாள். நான் நேரே மேடையோரம் போய் நின்றேன்.

"யோவ், வயலின் எங்கய்யா?"

"இதோட அம்மா உங்க கம்பெனி பஸ்ல அந்தப் பொண்ணு பாடுறதைக் கேட்டுக்கினே வந்தவங்க சார். இப்படிப் பாடித்தான் இதைத் தூங்கவெச்சாங்களாம். இதான் பாட்டுன்னு நினைச்சிக்கினு கீது. நானும் சொல்லிப் பார்த்துட்டேன். இப்ப வயலின் வாசிச்சா, ஜனங்க நான் தப்பா வாசிக்கிறேன்றாங்க."

கூட்டம் இன்னொரு முறை பாடச் சொல்லிக் கத்தியது. நான் ஓசூருக்குப் போன் போட்டு, எதுவும் சொல்லாமல் மேடைப் பக்கம் நீட்டினேன். பாட்டு முடிந்ததும் காதில் வைத்தேன்.

"யாருண்ணா அது," என்றாள், "என் பாட்டைப் பாடுறது?"