இது எங்க லயமாங்க?

இன்று மாலை, கொட்டும் மழையில் மடுல்சீமை பஸ். பசறை தாண்டியதும் பக்கத்து சீட்டு அக்கா தன் போனை என்னிடம் நீட்டினார்.

"இது எங்க லயமாங்க? புள்ளைங்க ரெண்டும் வீட்ல தனியா இருக்கு. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குது."

யாரோ அனுப்பிய படம். தேயிலைத் தோட்டத்து லயம் போலவே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், மண்ணில் பாதி புதைந்து. கீழே, 'மடுல்சீமை, சற்றுமுன்'.

'மடுல்சீமை மண்சரிவு' என்று நெட்டில் தேடினேன். பழைய செய்திகளாக வந்து குவிந்தன. அதைப் பார்த்து அக்கா அழவே தொடங்கிவிட்டார்.

பிறகுதான் தோன்றியது. சொல்லை விட்டுவிட்டு அந்தப் படத்தையே என் போனில் படமெடுத்துப் போட்டுத் தேடினேன். சிக்னல் போய்ப் போய் வந்தது. முன் சீட்டுக்காரர்களும் திரும்பி என் போனையே பார்த்தார்கள்.

கிடைத்தது. அதே படம். பல வருடங்களுக்கு முன், வேறு ஏதோ நாட்டில்.

"இது நம்ம ஊரே இல்லக்கா."

"நெசமாவா?"

கொஞ்ச நேரத்தில் அக்கா திரும்ப அழைக்க, மகளே போன் எடுத்தாள். "தூங்கிட்டோம்மா" என்றாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தார்.

"அப்ப இந்த வீட்டுல இருந்தவங்க பொழைச்சாங்களாங்க?"

வீட்டுக்கு வந்தும் தேடுகிறேன், விடை கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'சற்றுமுன்' என்று எழுதி அனுப்பியவரும் கூட வந்து தேடலாம்.