ஒட்டிப்போன பக்கம்

இடது கை காகிதக் கற்றையை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை மேசையெங்கும் ஊசியைத் துழாவிக்கொண்டிருந்தது. ஊசியோ அதே வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில் சமர்த்தாக இருந்தது.

“என்ன தேடறீங்க?” என்றாள் மனைவி.

“கண்ணாடியைத்தான்.”

“அது உங்க மூக்கு மேலயே இருக்கு.”

புத்தகம் கட்டும் பைண்டரான அவர் மழுப்பிச் சிரித்துவிட்டுத் தையலைத் தொடர்ந்தார்.

அவருடைய புற்றுநோய்க்கு நான்கு முறை மருந்து ஏற்றியாகிவிட்டது. நாளை ஐந்தாவது. ஒவ்வொரு முறையும் உடம்பு என்னென்ன கூத்தடித்தது என்று எழுதி வரும்படி நர்ஸ் சொல்லியிருந்தாள். முறைக்கு ஒரு கற்றை, கற்றைக்கு எட்டுத் தாள் என்று அவரும் எழுதிவிட்டார். உதிரித்தாளாக நீட்டினால் தொழிலுக்கு இழுக்கு என்று இப்போது தைத்து அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

எழுத்தில் குறை சொல்ல முடியாது. சோறு இரும்பு ஆணியைச் சப்பியது போலிருந்தது, பிளாஸ்டிக் கரண்டிக்கு மாறியதும் பரவாயில்லை. குமட்டல் மாத்திரையைக் குமட்டும்வரை காத்திராமல் சொன்ன நேரத்துக்குப் போட்டதும் வாந்தி அடங்கியது. எல்லாம் தேதி, மணியோடு.

பசை காய்வதற்குள் மனைவி தையல் முடியாத புத்தகத்தை எடுத்தாள். இருபது வருடமாகக் கடையில் தாள் மடிப்பவள். கட்டைவிரலால் ஓரத்தைச் சரசரவென்று தள்ளிப் பார்த்தாள்.

“கடைசிக் கற்றையில ஏழுதான் இருக்கு.”

“பசை கொஞ்சம் கூடிப்போச்சு.”

“உங்க கையில ரெண்டு தாள் ஒட்டிக்கிச்சுன்னா, அது தானா ஒட்டினதில்லைங்க.”

மடிப்புக் கத்தியை நுழைத்து ஈரத்தோடு மெல்லப் பிரித்தாள். உள்ளே அவருடைய குண்டு எழுத்து: ‘விரல் நுனி மரத்திருக்கிறது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஊசி குத்தியது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.’

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

“மறைக்கணும்னா எதுக்கு எழுதினீங்க?”

“எழுதாம விட்டா எட்டுத் தாள் கணக்கு இடிக்குமே. ஆனா காட்டினா மருந்தை நிறுத்திடுவாங்க. அப்புறம் நோய்க்குக் கொண்டாட்டம்.”

“அளவைக் குறைக்கலாம், தள்ளிப்போடலாம், வேற மருந்து பாக்கலாம்னு முதல் நாளே நர்ஸ் சொன்னாங்கல்ல? சொல்லாம விட்டா விரல் இப்படியே மரத்துப்போயிடலாம்னும் சொன்னாங்க. எவ்வளவு அழகா தலையாட்டினீங்க.”

“அப்போ தலையில முடி இருந்துச்சு. புத்தியும் கூடவே கொட்டிப்போச்சு.”

“முடி திரும்பி வருமாம். புத்திக்குத்தான் யாரும் உறுதி சொல்லலை,” என்றபடி பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஊசியையும் இப்படிக் குடுங்க.”

பைண்டர் தன் விரல்களைப் பார்த்தார். இந்தத் தொழிலில் கண் பாதி, விரல் பாதி. ஊசியைக் கொடுத்தார். அவள் மீதித் தையலைப் போட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நூல் தொய்கிறது, இழு, இவ்வளவு இழுக்காதே என்று அவள் உயிரை வாங்கினார்.

மறுநாள் காலை, மருந்து ஏற்றும் அறை வாசலில் நர்ஸ் கை நீட்டினாள். “அடேயப்பா, அட்டையெல்லாம் போட்டிருக்கீங்க. எங்கிருந்து படிக்கறது?”

புத்தகத்தின் அடியில் ஒரு சிவப்பு நாடா எட்டிப் பார்த்தது.

“நாடா வச்ச பக்கத்துல ஆரம்பிங்கம்மா,” என்றார் பைண்டர். “டாக்டர் மருந்து எழுதறதுக்கு முன்னாடி அவரும் அதைப் படிக்கணும்.”

இரண்டு கையாலும் பிடித்து, கீழே போடாமல் கொடுத்தார்.