மேலிருந்து தகவல் வராவிட்டால்

கண்டிக்குப் பக்கத்தில், குண்டசாலையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கணினி இரவும் பகலும் ஓடுகிறது. விரும்பியவர்கள் தங்கள் இடத்திலிருந்தே அதற்குள் நுழைந்து சிறு பக்கங்கள் அமைக்கலாம், நிரல் எழுதிப் பழகலாம். காசு வாங்குவதில்லை. பெயரும் மின்னஞ்சலும் தவிர எதையும் கேட்பதில்லை. தொலைபேசி இலக்கம் கேட்காத இடம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த வாரம், கேட்பவர்களுக்கெல்லாம் அதில் ஒரு தரவுத்தளமும் தருவதாக அறிவித்தேன். முதலில் கேட்டவர் இரண்டு வீடு தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண், அலுவலகமொன்றில் கணக்காளர். வாசித்த புத்தகங்களைப் பதிந்துவைக்க அவருக்கு அது வேண்டியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் நடப்பவற்றைத் திகதிவாரியாக எழுதி வைப்பது என் பழக்கம். எந்தப் பாலம் எப்போது மூடப்பட்டது, பஸ் கட்டணம் எப்போது ஏறியது என்பதையெல்லாம் நானும் எனக்கென ஒன்று அமைத்து அதில் சேர்த்தேன். அடுத்து எழுதியவர் தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர். ஒரு சனிக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார்.

"மேல் டிவிஷன்ல மழைமானி இருக்கு சேர். கைப்புள்ளைகளப் பாத்துக்கிற பிள்ளைக் காம்பரா அக்காதான் அதையும் பாக்குறாங்க. எங்க ஆளுக குடியிருக்கிற லயம் இருக்கிறது கீழ, மலைக்கு அடியில. கீழ தூறும்போது மேல ஊத்திக்கிட்டு இருக்கும், ரொம்ப ஊத்தினா மலை சரிஞ்சு வந்துரும். கீழ உள்ளவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இப்ப என்ன செய்றாங்க?"

"மேலேருந்து ஆள் வந்து சொல்லணும். மழைக்குள்ள தகவல் வராட்டி, புள்ளகுட்டியத் தூக்கிக்கிட்டு எதிர்மேட்டுக் கோயிலுக்குப் போயிரணும். அதான் எங்க சட்டம். பாதி நாள் சும்மா போயி நனைஞ்சிட்டு வந்து என்னையத் திட்டுறாங்க. நீங்க டேட்டாபேஸ் குடுத்தா, போன்லயே எண்ணைப் பாத்துக்குவாங்க."

அக்கா மழைமானியில் எண்ணைப் பார்ப்பார், தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றுவார், எண்ணை அனுப்புவார். அனுப்பியதையெல்லாம் கூட்டி, அன்றைய மொத்தத்தை ஓர் இணையப் பக்கம் பெரிய எழுத்தில் காட்டும். மொத்தம் அளவு மீறினால் எழுத்து சிவப்பாகும். பக்கத்தை ஆசிரியரே எழுதினார். தரவுத்தளத்தை நான் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் கீழ் லயத்தில் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் அடுப்புப் பற்றவைக்கிறார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருந்தார்.

ஐப்பசி பிறந்து இரண்டாவது வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் பக்கம் நன்றாக இருட்டிக்கொண்டு வந்தது. கணக்காளர் குடையை மடக்காமலே வாசலில் வந்து நின்றார்.

"அண்ணை, உங்கடை சேர்வருக்கு என்ன வந்தது? நான் எழுதுற ஒண்டையும் வாங்குதில்லை. ஓசியில குடுக்கிறதெண்டா இப்பிடித்தானோ?"

பார்த்தேன். கணினியின் வன்தட்டு நிறைந்துவிட்டது. யாரோ ஒரு பயனர் பல்லேகலயில் நடந்த கிரிக்கெட் போட்டியின் காணொளிகளைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார். அவற்றை வேறொரு தட்டுக்கு மாற்றினேன். பெரிய வேலையில்லை. அப்போதுதான் மழைப் பக்கத்தைத் திறந்தேன்.

முப்பத்தெட்டு மில்லிமீட்டர் என்று இருந்தது. காலையில் நான் பார்த்த அதே முப்பத்தெட்டு. பக்கத்தில் திகதி இருந்தது, நேரம் இல்லை. வெளியே எங்கள் கூரையில் பேச்சுக் கேட்காத மழை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் நாற்பத்தைந்து ஆனது.

"அப்பாடா, வேலை செய்யுது" என்றேன்.

"முந்தி அனுப்பினதெல்லாம் எங்கை அண்ணை?"

நுழைவுப் பதிவைத் திறந்தேன். காலையிலிருந்து அக்கா விடாமல் அனுப்பியிருந்தார். ஒவ்வொரு தடவையும் பக்கம் அவருக்கு "கிடைத்தது, நன்றி" என்று பதில் சொல்லியிருந்தது. தரவுத்தளம் அதை வாங்கியதா என்று பார்க்காமலே நன்றி சொல்லும்படி ஆசிரியர் எழுதியிருந்தார். தட்டு நிறைந்த பிறகு அனுப்பிய ஒன்றும் உள்ளே போகவில்லை. என்ன எண்களை அனுப்பினார் என்பதும் பதிவில் இல்லை. மானியிலும் இல்லை, ஊற்றியாகிவிட்டது.

நின்றுபோன எண்ணையாவது யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். இப்போது அது நகர்கிறது. சரியாக இருப்பதுபோலத் தெரிகிறது. மேலே எவ்வளவு பெய்திருந்தாலும் கீழே உள்ளவர்கள் நாற்பத்தைந்தைப் பார்த்து, கறுப்பு எழுத்துத்தானே என்று இருப்பார்கள்.

ஆசிரியருக்கு அழைக்க இலக்கம் இல்லை. மின்னஞ்சல் அனுப்பினேன். பரீட்சை மேற்பார்வைக்குப் போயிருப்பதாகவும் மாலையில்தான் பார்ப்பதாகவும் தானியங்கிப் பதில் வந்தது. அவசர இலக்கத்துக்கு அழைத்தேன். தோட்டத்தின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள், எல்லாப் பக்கமும் மழை என்றார்கள்.

"பக்கத்தில ஒரு எச்சரிக்கை எழுதி விடுங்கோவன்" என்றார் கணக்காளர்.

"என்னெண்டு எழுதுறது? மேல எவ்வளவு பெய்ததெண்டு எனக்குத் தெரியாது. பிழை இருக்குன்னு எழுதினா, திருத்திற வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்பாங்க. போங்கன்னு எழுதினா, ஆர் எழுதினதெண்டு கேட்டுக்கிட்டு நிப்பாங்க." அவருடன் பேசும்போது என் பேச்சும் அவர் பேச்சோடு கலந்துவிடும். "ஒண்டுமே தெரியாட்டி நீங்க என்ன செய்வீங்க?"

அவர் யோசிக்கவேயில்லை. "ஓடுவன்."

ஆசிரியர் சொன்ன சட்டம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தகவல் வராவிட்டால் போய்விட வேண்டும். அவர்களுக்குத் தகவல் வராமல் செய்ய என்னால் முடியும். தரவுத்தளம் முழுவதையும் நிறுத்தினேன். மற்றவர்களுடையதும் அதோடு நின்றது. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எண் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் பயம் முழுதாக வந்தது. அந்த வெறுமையை அவர்கள் சிக்னல் பிழை என்று எடுத்துக்கொண்டால்? பழைய சட்டத்தை மறந்திருந்தால்? மழைக்குள் குழந்தைகளோடு ஏறும்போது யாராவது வழுக்கி விழுந்தால், அனுப்பியவன் நான். கணக்காளர் வீட்டுக்குப் போகவில்லை. கதிரையில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த தேநீரை ஆறவிட்டுக்கொண்டிருந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஆசிரியர் மின்னஞ்சலில் என் இலக்கம் கேட்டு, உடனே அழைத்தார்.

"சேர், எல்லாரும் கோயில்லதான் இருக்காங்க. சோத்துப்பானையோட வந்துட்டாங்க. 'கம்பியூட்டரே பயந்து ஓடிருச்சு, நாம மட்டும் இருந்து என்னத்தப் பண்றது'ன்னு ஒருத்தி கெளப்பிவிட்டிருக்கா."

பிள்ளைக் காம்பரா அக்கா தான் அனுப்பிய எண்களை மனதில் வைத்திருந்தார். கூட்டிப் பார்த்தபோது, நான் நாற்பத்தைந்தைப் பார்த்த நேரத்தில் மொத்தம் எப்போதோ சிவப்பைத் தாண்டியிருந்தது. ஆனால் மலை இறங்கவில்லை. விடிந்ததும் எல்லோரும் லயத்துக்குத் திரும்பினார்கள். நனைந்த பாயைக் காயப்போட்டுக்கொண்டே என்னைத் திட்டினார்களாம்.

சனிக்கிழமை ஆசிரியர் மறுபடி வந்தார். எண்ணுக்குப் பக்கத்தில் நேரத்தையும் சேர்த்துவிட்டார். உள்ளே போனால்தான் இனி நன்றி சொல்லும். நானும் அவருடைய தரவுத்தளத்துக்குத் தனித் தட்டு கொடுத்து, தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டேன்.

போகும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். "இப்ப பக்கம் தெறக்கக் கொஞ்சம் சுணங்கினாலே எங்க பயலுக சொல்றானுங்க சேர், 'அந்தக் குண்டசாலை ஐயா மறுபடியும் நிப்பாட்டிட்டாரு, ஒண்ணும் நடக்காது'ன்னு."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து வானம் கறுக்கும்போதெல்லாம் நான் மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடுகிறேன்.