கும்மி வட்டத்தில் விட்டுவைத்த இடம்

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்குக் கோவில்பட்டியில் இறங்கினேன். சென்னையில் எங்கள் அலுவலக மன்றத்துக்கு ஆண்டு விருந்து. சாப்பிட்டு எழுந்ததும் எல்லோரும் குடும்பத்தோடு ஆடுவதற்குச் சரித்திரப் பழமையுள்ள நாட்டுப்புற ஆட்டம் ஒன்று வேண்டும் என்றார் தலைவர். அது அரைமணியில் கற்றுக்கொள்ளக் கூடியதாகவும் இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எந்த ஆட்டமும் தெரியாதவன் பாரபட்சம் பார்க்கமாட்டானாம்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டாள் என் மனைவி சண்முகத்தாய். விளாத்திகுளம் பக்கம்தான் அவள் பிறந்த ஊர். மன்றம் ஓர் ஆளுக்குத்தான் ரயில் கட்டணம் தரும் என்றேன். இருபது வருஷமாக நான் அவளுக்குச் சொல்லிவரும் காரணங்கள் எல்லாமே இப்படி மறுக்க முடியாதவை.

பதினொரு மணிக்கு விளாத்திகுளம் பஸ். டிக்கெட் முக்கால் ரூபாய். வந்த காரியத்தைக் கண்டக்டரிடம் சொன்னேன்.

"ஆட்டம் படிக்கவா வாரீங்க? எட்டயபுரம் தாண்டட்டும் அண்ணாச்சி. டிரைவரே சொல்லிக் குடுப்பாரு."

எட்டயபுரம் ஒன்பது மைல். தாண்டியதும் ரோடு குண்டும் குழியுமானது; டிரைவர் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு மணிக்கு இறங்கி மனைவியின் ஊருக்கு இரண்டு மைல் நடை. முதல்நாள் மழை. கரிசல் மண் செருப்பில் அப்பி அப்பி, போய்ச் சேர்ந்தபோது இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தேன்.

மூன்று மணிக்குத் தேவராட்டம் பார்த்தேன். தெலுங்கு பேசும் கம்பளத்தார் கைக்குட்டை வீசி ஆடுவது. இடையில் உட்கார்ந்து எழ வேண்டும். எங்கள் தலைமைக் குமாஸ்தா உட்காருவார். அடுத்து ஒயிலாட்டம். அதில் வரிசை பிசகக் கூடாது. எங்கள் மன்றத்தார் ரேஷன் கடையிலேயே பிசகுகிறவர்கள்.

எஞ்சியது கும்மி. நாலரைக்கு, களையெடுத்துத் திரும்பிய ஏழெட்டுப் பெண்களை மனைவியின் சிநேகிதி பேச்சியம்மாள் கூட்டிவந்தாள். குனிந்து தட்டு, நிமிர்ந்து தட்டு, ஓரடி நகர். எனக்கே புரிந்தது. வட்டத்தில் ஓர் ஆள் நிற்குமளவு இடைவெளி தெரிந்தது. விருந்தாளிக்காக விட்டிருக்கிறார்கள் என்று மகிழ்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன்.

கைதட்டல் நின்றுவிட்டது.

"அத்தான், அது ஒங்க எடம் இல்ல" என்றாள் பேச்சியம்மாள். "சம்முகத்தாய் எடம். அவதான் பாட்டெடுத்துக் குடுப்பா. கல்யாணமாகிப் போகும்போது, 'எடத்த மூடிராதீங்கட்டி, வந்துருவேன்'னு சொல்லிட்டுப் போனா."

"பாட்டுக்காரிய அனுப்புடின்னா இவியள அனுப்பி வச்சிருக்கா" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"இப்பவும் பாடுதாளா அத்தான்?" என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

"பாடுகிறாள்" என்றேன்.

கல்யாணமான புதிதில், திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தில், அடுப்படியில் அவள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு அந்தக் கதவைச் சாத்த அவசியம் நேரவில்லை.

"அப்ப பொங்கலுக்குக் கூட்டிட்டு வாங்க. இருவது வருசமா பாதிப் பாட்டவே பாடிட்டுக் கெடக்கோம். மீதி அவளுக்குத்தான் தெரியும்."

விலகி நின்றேன். மறுபடி ஆடினார்கள். வட்டம் சுற்றச் சுற்ற அந்த இடைவெளியும் கூடவே சுற்றியது. ஓரடிகூடப் பிசகவில்லை.

ஞாயிறு மாலை கோவில்பட்டி ஸ்டேஷனில், பொங்கலுக்குச் சென்னையிலிருந்து இரண்டு டிக்கெட் என்ன ஆகும் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டேன். ரயிலில் மன்றத்துக்கு அறிக்கை எழுதினேன்: கும்மி. மிக எளிது. பாட்டெடுக்க ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவரிடம் எப்படிக் கேட்பது என்று வழிநெடுக யோசித்தேன். விடிந்து எழும்பூரில் இறங்கியபோது முதல் வார்த்தைகூட அமைந்திருக்கவில்லை.