உடையப்பன் செட்டு நின்றுபோன கதை

அறந்தாங்கிச் சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து முதல் கட்சிக் கூட்டம் வரை உடையப்பன் மைக் செட்டுதான். முப்பது வருஷத்தில் ஒருமுறைகூடப் பாதியில் நின்றதில்லை என்று வாய் ஓயாமல் பீற்றிக்கொள்வார். அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பிறந்த கலைமதி என்ன படித்தாள் தெரியுமா? இரைச்சலைக் குறைக்கப் படித்தாள்! அதுவும் வெளிச்சத்தில் இருக்கிற இரைச்சலை.

"லைட்டு இரையுதுன்னா சோக்கு போயிருக்கும் ஆத்தா. மாத்துனாச் சரியாப் போயிரும்" என்றார் உடையப்பன், தொழில் தெரிந்தவர் தோரணையில்.

"காதுல கேக்குற இரைச்சல் இல்லப்பா. எந்த வெளிச்சமும் துளித்துளியா வர்றதால கூடக்கொறைய ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்தைக் கொறைச்சா, ஃபைபர் கேபிள்ல ரொம்ப மெல்லிசா வர்ற சேதியையும் பிடிச்சிரலாம்."

அவருக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்கும் சேர்த்துக் கடைவீதியெல்லாம் பெருமையடித்தார்.

நாலு வருஷம் கழித்து, அவள் ஆராய்ச்சி செய்யும் புதுக்கோட்டைக் கல்லூரிக்குச் சென்னையிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். திரையில் இரைச்சல் கோடு கீழே இறங்குவதை அவர்கள் கண்ணால் பார்த்தால்தான் பட்டம். கல்லூரி முதல்வர் சும்மா இருப்பாரா? ஆய்வுக்கூடத்தை ஒட்டிய மைதானத்திலேயே வரவேற்பு விழா வைத்துவிட்டார். 'இரைச்சல் குறைந்த ஒளி' என்ற தலைப்பில் அவருடைய இருபது பக்க உரை. ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி எட்டு. செட்டு நம் உடையப்பனுடையதேதான்.

நிபுணர்கள் ஆய்வுக்கூடத்துக்குள் போன பிறகும் உரை முடியவில்லை. உடையப்பனின் போன் அடித்தது.

"அப்பா, ஸ்பீக்கர் அதிர்வுல மேசையில கண்ணாடியெல்லாம் நடுங்குது. கோடு எறங்கவே மாட்டேங்குது. பன்னெண்டு மணிக்கு இவங்க கெளம்பிருவாங்கப்பா." குரல் உடைந்திருந்தது.

மேடைக்கு ஓடினார். "சார், சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கிரட்டுங்களா?"

"கொறைக்கிறதா? கடைசி வரிசைக்குக் கேக்கலையாம். கூட்டி வைங்க!"

மேடைக்குப் பின்னால் போய் மெயின் வயரையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷப் பேராயிற்றே! கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கிவிட்டார்.

"என்னய்யா ஆச்சு?" என்று முதல்வர் கத்தினார்.

"ஆம்ப்ளிஃபயர் போச்சுங்க சார். இந்தா, பாத்துடுறேன்." ஒரே ஸ்க்ரூவை அரை மணி நேரம் கழற்றி மாட்டினார். பிள்ளைகள் விசிலடித்தார்கள். காதெல்லாம் எரிந்தது அவருக்கு.

கடைசியில் ஆய்வுக்கூடத்திலிருந்து யாரோ ஓடிவந்து மேடையேறி முதல்வர் காதில் எதையோ சொல்ல, அவர் வெறும் வாயால் அறிவித்தார். முன்வரிசை கைதட்டியது. பின்னால் நின்ற உடையப்பனுக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"யாருக்குங்க கேக்குது? எவனோ மட்டமான செட்டுக்காரனைப் புடிச்சுட்டு வந்திருக்காங்க."

அப்போது ஆய்வுக்கூட வாசலில் கலைமதி வந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, உள்ளங்கையை மேலிருந்து கீழே சரித்துக் காட்டினாள்.

"ஆமாங்க, ரொம்ப மட்டமான செட்டு" என்றார் உடையப்பன், வாயெல்லாம் பல்லாக.