தோற்றவர் கையில் பதினைந்து வருடம்

2024 ஜூன் 16, ஞாயிறு, காலை பத்தே கால். மேகம் இருந்தது, மழை இல்லை, புழுக்கம். அடையாறில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்குழு, கார் நிறுத்தும் இடத்தில் கூடியது.

என் கவலை ஒன்றுதான். வெயில் வருடா வருடம் ஏறுகிறது. மின்சாரம் போனால் நாங்களும் டீசல் ஜெனரேட்டரைப் போட்டுப் புகை விட்டு அதற்கு உதவுகிறோம். பதினைந்து வருடத்தில் ஜெனரேட்டரை ஒழித்து, மொட்டை மாடியில் படிப்படியாகச் சோலார் வைக்க வேண்டும். மூன்று முறை தீர்மானம் போட்டுப் பணம் ஒதுக்கினோம். மூன்று முறையும் அடுத்து வந்த செயலாளர் அந்தப் பணத்தில் வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் கண்ணுக்குத் தெரியும், 2039 தெரியாது. எழுபத்தெட்டு வயதில் எனக்கும் தெரியாதுதான்.

"நீங்களே செயலாளரா நில்லுங்க சார்," என்றார் இப்போதைய செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி.

"நின்னு? அடுத்த வருஷம் இன்னொருத்தர் பெயிண்ட் டப்பாவோட வருவார், மேடம்."

நான் ஒரு விதி சொன்னேன். சோலார் பணத்தை ஜெயித்தவர் தொடக்கூடாது. தேர்தலில் தோற்றவர் கையில் இருக்கட்டும். ஜெயித்தவரைத் தோற்றவர் போல விடாமல் கவனிக்க வேறு ஆள் கிடையாது. சிரித்தார்கள். ஆனால் அங்கே பலரும் ஏதோ ஒரு வருடம் தோற்றவர்கள். இருபத்திநான்கு வீட்டில் பத்தொன்பது கை உயர்ந்தது. முக்கால்வாசி வீடுகள் சம்மதித்தால்தான் இனி விதியை மாற்ற முடியும்.

அடுத்த ஞாயிறு தேர்தல். மேடத்தை எதிர்த்து யாருமே நிற்கவில்லை. போட்டி இல்லாமல் தோற்றவர் ஏது? நானே நின்றேன்.

"ஜெயிச்சுத் தொலைக்கப் போறீங்க," என்றாள் மனைவி. அன்றிரவு தூக்கம் போயிற்று. காலையில் வீடு வீடாகப் போய் மேடத்துக்கு ஓட்டுக் கேட்டேன்.

"இன்னா சார், உங்களுக்கு எதிரா நீங்களே பிரசாரமா?" என்றார் இரண்டாவது மாடித் துணிக்கடைக்காரர்.

மேடத்துக்கு இருபத்திரண்டு, எனக்கு இரண்டு. அந்த இரண்டு பேர் யார் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு முன்னால் மேடம் வந்தார். "கேட் துருப்பிடிச்சிருக்கு. சோலார் பணத்துல கொஞ்சம்..."

"தர முடியாது, மேடம்."

"டெபாசிட் போன ஆளுக்கு இவ்வளவு அதிகாரமா?"

பொங்கலுக்குள் முதல் நான்கு தகடுகள் மாடி ஏறின. கேட் இன்னும் துருவோடுதான் நிற்கிறது. டெபாசிட் விஷயம் உண்மை: ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காதவருக்கு எங்கள் சங்கம் அதைத் திருப்பித் தராது. ஐந்நூறு ரூபாய்.